முழங்கை மடக்கும் மாப்பிள்ளை

என் கணவரைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டார் விசாரித்தபோது அகப்பட்ட ஒரே குற்றம், அவர் முழங்கையை மடக்கிப் பந்து வீசுவார் என்பதுதான். குடும்பம் நல்லது, சாதகம் பொருந்துகிறது, படம் வரைகிற அரசாங்க உத்தியோகம், குடி கிடையாது. எல்லாம் கூடிவந்த இடத்தில் என் அண்ணா மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

“பொடியன் நல்ல பொடியன்தான். ஆனால் எறியிறவன்,” என்றார்.

“என்னத்தை எறியிறவன்? சட்டி பானையையோ?” என்று அம்மா பதறிப்போனார்.

பிறகுதான் அண்ணா விளக்கினார். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவனின் முழங்கை நேராக இருக்க வேண்டும். மடக்கி நீட்டினால் அது வீச்சு இல்லை, எறி. அம்பயர் ‘நோ போல்’ என்பார். அந்தப் பந்து கணக்கில் சேராது, திரும்பவும் போட வேண்டும். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவ்வளவுதானே” என்று நாள் பார்க்கப் போய்விட்டார்.

இவர் அந்தக் கதையைத் தன் வாயால் எனக்குச் சொன்னது கல்யாணமாகி வெகுநாளைக்குப் பிறகு. இரண்டு பள்ளிக்கூடங்களும் வருடத்துக்கு ஒருமுறை மோதும் பெரிய ஆட்டம் அது. யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் அங்கேதான் நின்றது. இவர் கையில் பந்தைக் கொடுத்தார்கள். முதல் பந்து நோ போல். அடுத்ததும் நோ போல். வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், ஓடிவருகிற தூரத்தைக் குறைத்துப் பார்த்தார், கை நேராக வரவே மாட்டேன் என்றது. சனம் ‘எறி, எறி’ என்று தகரம் தட்டத் தொடங்கிவிட்டது. தட்டியவர்களில் என் அண்ணாவும் ஒருவர். எப்படியாவது அந்த ஓவரை முடிக்க வேண்டுமே என்று மிச்சப் பந்துகளைச் சின்னப் பிள்ளைகளைப்போலக் கீழ்க்கையால் உருட்டிவிட்டாராம். அணித் தலைவன் வந்து கையை நீட்டினான். இவர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போய் எல்லைக்கோட்டில் நின்றார். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் பந்து வீசியதில்லை.

அந்த நீட்டிய கை இவருக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதராகிவிட்டார். எழுபதுகளின் முற்பகுதியில் நாங்கள் மெல்பேண் வந்து சேர்ந்தோம். வாசலுக்கு வந்த விற்பனையாளனிடம் மறுக்கத் தெரியாமல் ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினார். கொஞ்ச நாளில் வேறொரு கம்பனிக்காரன் வந்தான், அதையும் வாங்கினார். எங்கள் வாடகை வீட்டில் கம்பளம் விரித்த அறை ஒன்றே ஒன்று. வேலை பார்த்த கந்தோரில் எல்லாரும் தள்ளிவிடுகிற வேலையெல்லாம் இவருடைய மேசைக்குத்தான் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஒருக்கால் ‘நோ’ எண்டு சொன்னால் வாயிலை புண்ணே வரும்?” என்று கேட்பேன். “சரி, அடுத்தமுறை சொல்லுறன்,” என்பார், அதற்கும் தலையாட்டி.

பேஸ்போல் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு கந்தோர் பிக்னிக்கில். சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். இவர் வழக்கம்போல எல்லையில் தூரப்போய் நின்றார். யாரோ அடித்த பந்து உருண்டு வந்தது. இவர் எடுத்து விக்கெட் காப்பாளரின் கையைப் பார்த்து எறிந்தார். பந்து நிலத்தில் படாமல், உயரவும் போகாமல், நூல் பிடித்த மாதிரிப் போய் அந்த மனிதரின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் கையை உதறிக்கொண்டு இவரிடம் நடந்துவந்தார். இவரோடு வேலை செய்யும் படவரைஞர்தான் அவர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு பேஸ்போல் கழகத்தில் கேட்சர், அதாவது பந்து பிடிக்கிறவர்.

“நீ இப்படி எறிய எங்கே பழகினாய்?” என்று கேட்டார்.

“அது எறி இல்லை, சொறி,” என்று இவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. பேஸ்போலில் பந்து வீசுகிறவனைப் பிட்சர் என்பார்கள், அவன் கையை மடக்கித்தான் எறிய வேண்டும், நேர்க்கையால் வீசினால்தான் சிரிப்பார்கள் என்று அவர் விளக்கினார். அன்று இரவுச் சாப்பாட்டில் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இஞ்சாரும், மடக்கினால்தான் சரியாம். அப்பிடியும் ஒரு விளையாட்டு இருக்குதெண்டு ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

நான் சிரித்துக்கொண்டே இவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அப்போதெல்லாம் மெல்பேணில் பேஸ்போல் குளிர்கால ஆட்டம். கோடையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குளிர்காலத்தில் உடம்பு சதை போடாமல் இருக்கத்தான் அதை ஆடுவார்கள். இவர் போய்ச் சேர்ந்த அந்தக் கேட்சரின் கழகத்தில் பல அணிகள் இருந்தன. இவர் ஆடியது ஆகக் கீழே உள்ள அணியில். அந்த அணியின் கோச் வயிறு பருத்த ஒரு பிளம்பர். அவருடைய வான் வண்டியில் குழாய்களோடு மட்டைகளும் கிடக்கும். சேறும் சகதியுமான மைதானங்களில், ஆடுகிறவர்களின் மனைவிமாரையும் நாய்களையும் தவிர வேறு யாரும் பார்க்க வராத ஆட்டங்கள். நான் சீலைக்கு மேல் ஓவர்கோட்டும் காலில் ரப்பர் சப்பாத்துமாய் நிற்பேன். அந்தக் கோலத்தில் என்னை அம்மா கண்டிருந்தால் மாப்பிள்ளையின் முழங்கையை மறந்திருப்பார்.

வாரநாட்களில் பின்வளவில் பயிற்சி. துணி காயப்போடுகிற, குடைபோல விரிந்து சுழலும் கம்பத்தில் பழைய மெத்தையைச் சாய்த்துவைத்து எறிவார். பந்து பட்டதும் கம்பம் சுற்றும்; காயப்போட்ட என் சீலைகளும் சேர்ந்து ஊர்வலம் போகும். பந்து போகிற வழியில் கடைசி நேரத்தில் கீழே இறங்கும் ஒரு எறி இவரிடம் இருந்தது. அது எப்படி என்று கேட்சர் கேட்டால், “தெரியாது, தானாய் வருது,” என்பார். தெரியாதுதான். ஊரில் குற்றமென்று சொல்லி எறிய விடாத கை, இங்கே அப்படியே வந்தது.

எறிவது நன்றாகத்தான் எறிந்தார். ஆனால் ஒரு ஆட்டத்தையும் முடித்ததில்லை. பேஸ்போலில் பிட்சர் தடுமாறினால் கோச் நடந்துவந்து கையை நீட்டுவார், பிட்சர் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும், வேறொருவர் எறிவார். அதுதான் வழக்கம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மற்ற அணிகளின் பிட்சர்கள் கோச்சோடு வாய்க்குவாய் சண்டை பிடிப்பார்கள், தொப்பியை நிலத்தில் அடிப்பார்கள். எங்கள் ஆள் அப்படியா? கோச் மைதான ஓரத்து வாங்குப் பலகையிலிருந்து எழும்பும்போதே பந்தை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் கோச் சப்பாத்து நூல் கட்டுவதற்காக எழும்பினார். இவர் பந்தை நீட்டிவிட்டார்.

“நீங்களேன் அவருக்கு முதல் நீட்டுறியள்?” என்று காரில் கேட்டேன்.

“கேட்டு வாங்கிறதுக்கு முன்னம் குடுக்கிறது நல்லதுதானே.”

“எப்ப ஒரு ஆட்டத்தை முடிப்பியள்?”

இவர் வைப்பரைப் போட்டார். மழை இல்லை. “எனக்கும் ஒண்டு முடிக்கவேணுமெண்டு ஆசைதான்,” என்றார்.

இப்படிச் சில குளிர்காலங்கள் போயின. பிறகு ஒரு வருடம் கழகத்தில் அறிவித்தார்கள்: அடுத்த பருவத்திலிருந்து பேஸ்போல் கோடைக்கு மாறுகிறது. இவருடைய அணியில் பெரும்பாலானோர் கிரிக்கெட்காரர்கள். கோடையில் அவர்கள் கிரிக்கெட்டுக்குத்தான் போவார்கள். ஆகக் கீழே உள்ள அணி அந்த வருடத்தோடு சரி. என்ன அதிசயமோ, அந்த வருடம் பார்த்து எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. இவர்தான் பிட்சர் என்று கோச் சொல்லிவிட்டார். முடிப்பதென்றால் அதில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இனி இல்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

இறுதி ஆட்டம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் அது புரட்டாதிச் சனி என்று தெரிந்தது.

இவர் கடவுள் பக்தி முற்றியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் சனிபகவானோடு மட்டும் விளையாட மாட்டார். அந்தப் பள்ளிக்கூட ஆட்டம் நடந்த காலத்தில் இவருக்கு ஏழரைச் சனி நடந்ததாம். அந்த வருடம் புரட்டாதிச் சனி விரதத்தை விட்டதாம். அதனால் வந்த வினை என்று மனதில் எழுதிவைத்திருந்தார். விரதமென்றால் காலையிலிருந்து பட்டினி. மத்தியானம் எள்ளெண்ணெய் எரித்து, சமைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் இதிலே ஒரு சிக்கலும் இல்லை. இலையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காகங்கள் அடிபட்டுக்கொண்டு வந்துவிடும்.

அன்று நான் வெள்ளெனவே எழும்பிச் சமைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, கீரை, அப்பளம். மத்தியானம் ஆகுமுன்பே சோற்றைப் பிசைந்து வேலிமேல் வைத்தோம். இவர் பேஸ்போல் உடுப்பும் தொப்பியும் நெற்றி நிறையத் திருநீறுமாய் நின்று, “கா... கா...” என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணி குசினி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

காகம் வரவில்லை. மைனா ஒன்று வந்து அப்பளத்தைக் கொண்டுபோனது. பிறகு மேக்பை என்கிற கறுப்பும் வெள்ளையுமான பறவை ஒன்று வந்து ஆறுதலாக இருந்து சோற்றைச் சாப்பிட்டது.

“அந்தா திண்ணுது. வாங்கோ சாப்பிடுவம்,” என்றேன்.

“அது காகமில்லை.”

“காகத்தின்ர சொந்தக்காரர்தான். பாதி கறுப்புத்தானே.”

“சனீஸ்வரனுக்கு வாகனம் காகம். பாதிக் காகமில்லை,” என்றார். இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர் என்னிடம் மட்டும் நன்றாகச் சொல்வார்.

நேரமாகிவிட்டது. கேட்சர் வாசலில் ஹோன் அடித்தார். இவர் பச்சைத் தண்ணீரோடு புறப்பட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாப்பாட்டைப் பாத்திரத்தில் போட்டுத் துவாயால் சுற்றிக்கொண்டு பின்னால் நான் காரில் போனேன்.

ஆட்டத்தின் முதல் பாதியில் இவர் எறிந்ததைப்போல அதற்கு முன் எறிந்ததில்லை. பட்டினியோ பக்தியோ, பந்து சொன்னபடி கேட்டது. எதிரணிக்காரர்கள் மட்டையைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் நேரம் போகப்போக இவருடைய முகம் வெளுத்தது. எறிந்தபின் முழங்காலில் கையூன்றி நிற்கத் தொடங்கினார். பந்து அங்கேயும் இங்கேயும் போனது. எங்கள் அணி மட்டை பிடிக்கிற நேரத்தில் வாங்கில் வந்து இருந்தபோது கை நடுங்குவதைக் கண்டேன். கோச்சும் கண்டுவிட்டார்.

“ஒரு வாய் சாப்பிடுங்கோ. சனிபகவானோடை நான் கதைக்கிறன்,” என்றேன்.

“நீர் சும்மா இரும்.”

அப்போதுதான் கன்ரீன் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. மெல்பேண் காகம் எங்கள் காகத்தைப்போல வெட்டிப் பேசாது. பால் கேட்டு அழும் பிள்ளையைப்போல இழுத்து அழும். குப்பைத் தொட்டியின் விளிம்பில் இருந்து, யாரோ பாதி தின்று போட்ட ‘மீட் பை’ என்கிற இறைச்சிப் பணியாரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. முழுக் கறுப்பு. மறுப்புச் சொல்ல இடமில்லாத காகம். நான் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். துவாயை அவிழ்த்து, ஒரு பிடி பருப்புச் சோற்றை வேலிக் கட்டையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, “கா... கா...” என்றேன். அது தலையைச் சரித்து என்னைப் பார்த்தது, சோற்றைப் பார்த்தது. கட்டைக்குத் தாவி ஒரு கொத்து, பிறகு இன்னொரு கொத்து.

“இஞ்சாருங்கோ! காகம் திண்டிட்டுது!” என்று மைதானத்துக்குக் குறுக்கே கத்தினேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் அப்படிக் கத்தியது அன்று மட்டுந்தான்.

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலங்கை முறைப்படி உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தார்களாக்கும், எல்லாருமாகச் சேர்ந்து “கா! கா!” என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் பாத்திரத்தோடு ஓடிவந்தேன். இவர் பாத்திரத்தை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

“அது முதல்லை இறைச்சி திண்டது. நான் பாத்தனான்.”

“விரதம் உங்களுக்கு. காகத்துக்கில்லை.”

ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட்டார் பாருங்கள், நான் சமைத்ததை அப்படி ரசித்து அவர் எந்நாளும் சாப்பிட்டதில்லை. கேட்சர் பக்கத்தில் இருந்து கத்தரிக்காயை எடுத்து ருசி பார்த்தார்.

அதற்குப் பிறகு கையின் நடுக்கம் நின்றது. கடைசி இன்னிங்ஸ் வந்தபோது நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிரணியின் இரண்டு பேரை வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவர் போனால் கிண்ணம் எங்களுக்கு. ஆனால் அவர்களில் இரண்டு பேர் ஓட்டப் பாதையின் தளங்களில் நின்றார்கள்; நல்ல அடி ஒன்று விழுந்தால் இருவரும் ஓடிவந்து இரண்டு ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். மட்டையோடு வந்தவன் தோள் அகன்ற பெரிய ஆள்.

கோச் வாங்கிலிருந்து எழும்பினார்.

பார்க்காமல் இருக்க வேண்டுமென்று நினைத்தேன், பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இவருடைய கை வழக்கம்போல முன்னால் வந்தது. பந்து தெரிந்தது. கோச் புல்தரையைக் கடந்து மெதுவாக நடந்துவந்தார். அவர் பாதி வழி வந்தபோது இவர் கையை மடக்கினார். பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் நின்ற பக்கத்திலிருந்து அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. விரல்கள் பந்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

கோச் வந்து நின்று கையை நீட்டினார். “போதும் மேட். பந்தைத் தா.”

“நோ,” என்றார் இவர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைதானம் அடங்கியிருந்தது, எங்களுக்கெல்லாம் கேட்டது. கோச்சுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் அசையாமல் நின்றார். இவரும் நின்றார். கடைசியில் கோச் நீட்டிய கையால் தன் கழுத்தைச் சொறிந்துவிட்டு, நிலத்தில் துப்பிவிட்டு, திரும்பி நடந்துவந்தார். “மூன்று வருடமாக இதைச் சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லுகிற நேரத்தைப் பார்,” என்று என்னைக் கடந்து போகும்போது முணுமுணுத்தார்.

இவர் எறிந்தார். பந்து நன்றாகத்தான் போனது, கடைசி நேரத்தில் கீழேயும் இறங்கியது. ஆனால் அந்தப் பெரிய ஆள் அதோடு சேர்ந்து குனிந்து அடித்தான். பந்து எல்லாருடைய தலைக்கு மேலாகவும் போய், நான் காகத்துக்குச் சோறு வைத்த வேலிக்கும் அப்பால் விழுந்தது. எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். எங்கள் கேட்சர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய் இவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு கன்ரீனில் கோச் இவருக்கு முன்னால் ஒரு பியரை வைத்தார்; விரதம் என்று இவர் அதைத் தள்ளிவைக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டே போய் லெமனேட் வாங்கிவந்தார். ஒரே நாளில் இரண்டு மறுப்பு.

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். இவர் வெறும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தபோது மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கவலையா இல்லையே உங்களுக்கு?” என்றேன். “அந்தப் பந்தாலைதானே தோத்தது.”

“ஓம், தோத்ததுதான்,” என்றார் இவர். வலது கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். “ஆனால் பாத்தனீரே, அந்தப் பந்து கணக்கிலை சேந்தது.”